காலியிடம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைக்கிறது? கடைசிப் பருவ மாணவர்களும் புதுப் பட்டதாரிகளும் பேசலாம்

#1 கரைதேடி

எல்லோருக்கும் வணக்கம். வேதியியல் முதுகலை, கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். பகுப்பாய்வு ஆய்வகத்திலோ தரக் கட்டுப்பாட்டிலோ வேலைக்குப் போக ஆசை.

பெரிய வேலைவாய்ப்புப் போர்ட்டல் எல்லாவற்றிலும் கணக்கு வைத்திருக்கிறேன். அலர்ட் வருகிறது, விண்ணப்பிக்கிறேன், "பரிசீலிக்கிறோம்" என்று தானியங்கி மின்னஞ்சல் வருகிறது, அதோடு சரி. வகுப்பில் மற்றவர்களுக்கும் இதே கதைதான். கல்லூரி வேலைவாய்ப்பு மையத்துக்கு வரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை கணினி படித்தவர்களைத்தான் தேடுகின்றன.

ரெஸ்யூமே எப்படி எழுதுவது என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்தைய கேள்விதான் எனக்கு. ஓர் இடத்தில் ஆள் தேவைப்படுகிறது என்ற செய்தியே மற்றவர்களுக்கு எப்படித் தெரியவருகிறது? எங்கள் வீட்டில் இந்தத் துறையில் யாரும் இல்லை.

#2 நேர்காணல்மேசை

தம்பி, நான் ஆளெடுப்புப் பிரிவில் வேலை செய்பவள். ஒரு காலியிடம் உள்ளே எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார், அல்லது புது ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகிறது. ஆள் வேண்டும் என்பது குழுத் தலைவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் விளம்பரம் போட நிதி ஒப்புதல் வேண்டும், பணி விவரம் எழுத வேண்டும், மேலே இரண்டு மூன்று கையெழுத்து வேண்டும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் குழுத் தலைவர் சும்மா இருப்பதில்லை. பக்கத்து மேசையில், பழைய சகாக்களிடம், தன்னுடன் படித்தவர்களிடம் "யாராவது நல்ல ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அப்புறம் உள் அறிவிப்பு வரும், ஊழியர்கள் ரெஃபரல் கொடுப்பார்கள், அதாவது தங்களுக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைப்பார்கள், அதன் பிறகு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் ஏறும். போர்ட்டல்கள் அங்கிருந்து எடுத்துப் போடும். அதாவது போர்ட்டலில் நீங்கள் பார்க்கும்போது அந்தக் காலியிடத்துக்கு ஏற்கெனவே வயதாகிவிட்டது.

அதற்காகப் போர்ட்டலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஃப்ரெஷர்களை மொத்தமாக எடுக்கும் நிறுவனங்கள் அங்கேதான் எடுக்கின்றன. ஆனால் ஒன்று கவனியுங்கள். விண்ணப்பங்களை நான் வந்த வரிசையில்தான் திறக்கிறேன். நேர்காணலுக்குப் போதுமான ஆட்கள் கிடைத்ததும் மேற்கொண்டு திறக்க நேரம் இருக்காது. முதல் ஓரிரு நாளில் வந்த சுமாரான விண்ணப்பத்தைக்கூடப் படித்திருப்பேன், மூன்றாவது வாரம் வந்த அருமையான விண்ணப்பம் கண்ணிலேயே பட்டிருக்காது. அதனால் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த சில நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே அலர்ட் போட்டுவையுங்கள்.

மென்பொருளே ரெஸ்யூமேவைப் படித்துத் தூக்கி எறிந்துவிடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தவரை தானாக நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் கேள்விகளால்தான். "இங்கே வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா", "இந்தப் பட்டம் உண்டா" என்ற கேள்விகளுக்கு "இல்லை" என்று போட்டால் அங்கேயே முடிந்துவிடும். அவசரத்தில் மாற்றிக் குறித்துவிடாதீர்கள்.

#3 முதல்பட்டம்

அக்கா சொல்வதைப் படித்தால் மனசு கனக்கிறது. குழுத் தலைவர் தனக்குத் தெரிந்தவர்களிடம்தான் கேட்பார் என்றால், எங்களைப் போன்றவர்கள் அந்தத் "தெரிந்தவர்கள்" வட்டத்தில் எப்போது வருவோம்? எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவின் நண்பர், மாமாவின் மேலாளர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. நன்றாகப் படித்தால் போதும் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். இப்போது வந்து ஆள் தெரிய வேண்டும் என்கிறீர்கள்.

#4 சமூகவியல்_மாணவி

முதல்பட்டம், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்த விஷயத்தில் ஆய்வு சொல்வது நீங்கள் பயப்படுவதற்கு நேர்மாறானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனுக்கு அருகே உள்ள நியூட்டனில் சமீபத்தில் வேலை மாறியவர்களிடம், வேலை பற்றிய செய்தி யார் மூலம் வந்தது என்று கேட்டார். ஆட்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்த ஆளை அடிக்கடி, அதாவது வாரம் இரண்டு முறையாவது, பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களும் சொந்தக்காரர்களும் இல்லை, லேசாகத் தெரிந்தவர்கள்தான் செய்தியைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. நெருங்கிய நண்பர்கள் நம்மோடு ஒரே இடத்தில் இருப்பவர்கள், நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். லேசாகத் தெரிந்தவர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறார். அங்கே நடப்பது நமக்குப் புதுச் செய்தி.

2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்தது. லிங்க்ட்இன் தளத்தின் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" பரிந்துரையை மாற்றி மாற்றி அமைத்து, 5 ஆண்டுகளில் சுமார் 2 கோடிப் பேரைக் கவனித்தார்கள். வேலை மாற அதிகம் உதவியவை மிதமாகப் பலவீனமான அறிமுகங்கள். முழு அந்நியரும் இல்லை, உயிர் நண்பரும் இல்லை, நடுவில் இருப்பவர். மிக நெருக்கமான உறவுகள் கடைசியில் வந்தன. துறைக்குத் துறை இது மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கணினி சார்ந்த துறைகளில் லேசான அறிமுகம் கூடுதலாக உதவியது, மற்ற துறைகளில் நெருக்கமான உறவுக்கும் பங்கு இருந்தது.

அப்பாவின் நண்பர் இல்லாதது இழப்புதான், மறுக்கவில்லை. ஒருவருக்கு வாய்க்கும் அறிமுகங்களே அவர் படிக்கும் கல்லூரியைப் பொறுத்து மாறுவதும் அநியாயம்தான். ஆனால் லேசான அறிமுகத்தைப் பரம்பரையாகப் பெற வேண்டியதில்லை. படிக்கும் காலத்திலேயே நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

#5 கரைதேடி

சரி, ஆனால் அந்த "லேசாகத் தெரிந்தவர்" யார்? பட்டியல் போட உட்கார்ந்தால் வகுப்புத் தோழர்கள், இரண்டு பேராசிரியர்கள், அதற்கு மேல் பேனா நகரவில்லை.

#6 ஆய்வகவாசி

தம்பி, நான் உங்கள் துறைதான். மருந்து ஆய்வகத்தில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன்.

உங்கள் துறையில் எச்பிஎல்சி, அதாவது கரைசலில் கலந்திருக்கும் வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி, இருக்கிறதா? அதைப் பழுது பார்க்க, அளவுதிருத்தம் செய்ய ஒரு சர்வீஸ் எஞ்சினியர் வருவார் இல்லையா? அவர் வரும்போது மாணவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், வேலை முடிந்ததும் பேராசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். எனக்குத் தெரிந்து ஒரு வேதியியல் மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அறிமுகம் அவர்தான். அந்தப் பகுதியில் அந்தக் கருவி இருக்கும் ஆய்வகங்களுக்கெல்லாம் போய்வருகிறார். எங்கே வேலை நெருக்கடி, எங்கே கருவி இருந்தும் ஓட்ட ஆள் இல்லை, எங்கே மேலாளர் நல்லவர், எல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்த முறை வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். ஏன் இந்த சீல் தேய்ந்தது என்று கேளுங்கள். ஆர்வமாகக் கேட்கும் மாணவனை அவர் மறக்க மாட்டார்.

அவரைப் போலவே வேதிப்பொருள் விற்க வரும் பிரதிநிதி, செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர், சிறப்பு விரிவுரைக்கு வந்தவர். உங்கள் ஆய்வகத்தில் இதற்கு முன் படித்தவர்கள் எழுதிய ஆய்வேடுகள் அலமாரியில் இருக்கும், நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். யார் யார் அந்த ஆய்வகத்தில் இருந்தார்கள் என்று பெயர் பெயராக இருக்கும். அந்தப் பெயர்களை லிங்க்ட்இனில் தேடுங்கள். கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்திலேயே "முன்னாள் மாணவர்கள்" என்ற பகுதி உண்டு. எங்கே வேலை, என்ன படித்தார் என்று பிரித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, மாணவர்கள் யாருமே பார்க்காதது. பரிசோதனை ஆய்வகங்களுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற தரநிலையின்படி அங்கீகாரம் தருகிறார்கள். அங்கீகாரம் தரும் அமைப்புகள் அந்த ஆய்வகங்களின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கின்றன. ஒவ்வோர் ஆய்வகமும் என்னென்ன பரிசோதனை, எந்த முறையில் செய்கிறது என்ற விவரம் அதன் "ஸ்கோப்"பில் இருக்கும். நீர், உணவு, மருந்து, மண் என்று உங்களுக்குப் பிடித்த வகையை எடுத்துப் படியுங்கள். நீங்கள் ஓட்டிப் பழகிய கருவியைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் எவை என்று ஒரு மாலையிலேயே பிடிபட்டுவிடும். ஸ்கோப்பில் புதிதாகப் பரிசோதனைகளைச் சேர்த்திருக்கும் இடத்தில் வேலையும் கூடும், ஆள் தேவையும் வர வாய்ப்பு அதிகம். இவற்றில் பல சின்ன ஆய்வகங்கள். போர்ட்டலுக்குப் பணம் கட்டி விளம்பரம் போடவே மாட்டார்கள்.

#7 நிரல்வீடு

மென்பொருள் பக்கம் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஹேக்கர் நியூஸ் தளத்தில் மாதா மாதம் "யார் ஆளெடுக்கிறார்கள்" என்ற இழை வரும். பெரும்பாலும் வேலை தருபவர்களே நேரில் எழுதுவார்கள், எச்.ஆர். வடிகட்டல் குறைவு. திறமூலத் திட்டங்களில், அதாவது நிரலை எல்லோரும் பார்த்துத் திருத்தும்படி திறந்துவைத்திருக்கும் மென்பொருள் திட்டங்களில், புதியவர்களைச் சேர்த்து வேலை பழக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவர் அல்லாத தொடக்கநிலையாளர்களும் சேரலாம். அதே மாதிரி அவுட்ரீச்சி என்று ஒன்றும் உண்டு, உதவித்தொகை தருகிறார்கள். இவற்றில் இடம் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பிக்கும் காலத்தில் ஒரு திறமூலத் திட்டத்துக்கு நீங்கள் அனுப்பும் திருத்தங்களை அதன் பராமரிப்பாளர்கள் வரி வரியாகப் படிக்கிறார்கள். அவர்கள் பகலில் எங்கோ ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள்தான்.

இன்னொரு சின்ன வழி. கிரீன்ஹவுஸ், லீவர் போன்ற ஆளெடுப்பு மென்பொருள்களைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அவற்றின் விளம்பரப் பக்கங்கள் எல்லோரும் பார்க்கக்கூடியவை. தேடுபொறியில் அந்தத் தளங்களுக்குள் மட்டும் தேடச் சொல்லி, பதவியின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். கேள்விப்பட்டே இராத நிறுவனங்கள் வரும்.

#8 ஏட்டுச்சுவடி

வரலாறு, மொழி, சமூகவியல் படித்தவர்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும், நானே பேசுகிறேன்.

எங்கள் பக்கம் வேலை பெரும்பாலும் திட்டப் பணத்தில்தான் பிறக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ நிதி கிடைத்தால், பின்னாலேயே ஆவணப்படுத்த, மொழிபெயர்க்க, நேர்காணல் எடுக்க, தரவு உள்ளிட ஆள் வேண்டும். அதனால் வேலை விளம்பரத்தை விட நிதி அறிவிப்பைப் படிப்பது லாபம். ஐரோப்பிய ஒன்றியம் நிதி கொடுக்கும் ஆய்வுத் திட்டங்கள் கோர்டிஸ் தளத்தில் இருக்கின்றன. யார் நடத்துகிறார்கள், எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது எல்லாம் அதில் உண்டு. தொடக்க தேதி பக்கத்தில் இருந்தால் ஆளெடுப்பும் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஆய்வாளர் பணிக்கு யூராக்செஸ், மனிதாபிமானப் பணிகளுக்கு ரிலீஃப்வெப், தொண்டு நிறுவனங்களுக்கு ஐடியலிஸ்ட், மானுடவியல், வரலாறு போன்ற துறைகளுக்கு எச்-நெட் பார்க்கலாம்.

"உங்கள் படிப்புக்கு வேலை இல்லை" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எங்கள் வேலைகளுக்குப் பெயர்கள் பலவாக இருப்பதால் ஒரே சொல்லைப் போட்டுத் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். ஆவணக் காப்பாளர், உள்ளடக்க ஆசிரியர், கள ஆய்வாளர், திட்ட உதவியாளர் என்று பதவிப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள்.

#9 கரைதேடி

ஆய்வகவாசி அண்ணா, அந்த சர்வீஸ் எஞ்சினியர் பற்றி எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். போன மாதம்தான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார், நான்தான் கூட இருந்தேன். மின்னஞ்சல் முகவரி சர்வீஸ் அறிக்கையில் இருக்கிறது. பேராசிரியரிடம் கேட்டேன், தாராளமாக எழுது என்றார். இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் வேதியியல் முதுகலை இறுதியாண்டு மாணவன். கடின உழைப்பாளி. எந்த வேலையாக இருந்தாலும் செய்யத் தயாராக உள்ளேன். தங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஏதேனும் வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து உதவவும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்."

#10 நேர்காணல்மேசை

தம்பி, எழுத்தில் மரியாதை இருக்கிறது. ஆனால் இதைப் படித்தவர் என்ன செய்ய முடியும் என்று யோசியுங்கள். "எந்த வேலையாக இருந்தாலும்" என்றால் யாரிடம் போய் எந்த வேலைக்கு உங்கள் பெயரைச் சொல்வார்? "உதவவும்" என்றால் வேலை வாங்கித் தரச் சொல்வதாகத்தான் படும். வாங்கித் தர அவரால் முடியாது, முடியாது என்று சொல்லவும் சங்கடம். பதிலே போடாமல் விட்டுவிடுவார். இப்படிப்பட்ட கடிதங்கள் பதில் இல்லாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தச் சங்கடம்தான், அலட்சியம் இல்லை.

வேலையைக் கேட்காதீர்கள், தகவலைக் கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் எச்பிஎல்சி பம்பின் சீலை மாற்ற வந்தபோது கூட இருந்த மாணவன் நான். மொபைல் ஃபேஸை வடிகட்டாமல் ஓட்டினால் சீல் சீக்கிரம் தேயும் என்று அன்று சொன்னீர்கள். அதிலிருந்து 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துத்தான் ஓட்டுகிறோம். இந்தப் பருவத்தோடு படிப்பு முடிகிறது. மருந்து அல்லது நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் தொடக்கநிலை அனலிஸ்ட் வேலை தேடுகிறேன். சமீபத்தில் புதுக் கருவி வாங்கிய ஆய்வகங்கள் எவை, அங்கே யாரிடம் பேசலாம் என்று சொல்ல முடியுமா? பத்து நிமிடம் பேச முடிந்தால் உங்களுக்குத் தோதான நேரத்தில் அழைக்கிறேன்."

சீல் விஷயம் நானே கற்பனை செய்து எழுதியது. அன்று உண்மையில் என்ன நடந்ததோ அதைப் போடுங்கள். ரெஸ்யூமேவை முதல் கடிதத்தில் இணைக்க வேண்டாம், கேட்டால் அனுப்புங்கள்.

#11 அளவுகோல்

கருவி விற்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரு வார்த்தை. "புதுக் கருவி வாங்கிய ஆய்வகங்கள் எவை" என்று எழுத்தில் கேட்காதீர்கள். யார் என்ன வாங்கினார்கள் என்பது வாடிக்கையாளரின் ரகசியம். நிறுவன மின்னஞ்சலில் அதற்குப் பதில் எழுதினால் அவருக்குத்தான் சிக்கல். நல்ல மனிதராக இருந்தாலும் இந்த ஒரு வரிக்காகவே பதில் போட மாட்டார்.

#12 ஆய்வகவாசி

அளவுகோல் சொல்வது சரி. அந்த வரியை இப்படி மாற்றுங்கள் தம்பி: "எச்பிஎல்சி கொஞ்சம் பழகிய ஒரு புதியவனுக்கு எந்த மாதிரி ஆய்வகங்களில் வாய்ப்பு அதிகம்? நான் என்ன கூடுதலாகக் கற்றுக்கொண்டால் உதவும்?" இதற்கு அவர் யாருடைய ரகசியத்தையும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல விரும்பினால் போனில் அவரே சொல்வார். கருவி நிறுவனங்களே பயிற்சி வகுப்புகளும் இணையவழிக் கருத்தரங்குகளும் நடத்துகின்றன, அவற்றில் பல இலவசம். அதைப் பற்றியும் கேளுங்கள். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் வேலையில் இருக்கும் அனலிஸ்ட்டுகள்.

#13 முதல்பட்டம்

கேட்க வேண்டும் என்று புரிகிறது. ஆனால் முன்பின் பழகாதவரிடம் கேட்கும்போது கையேந்துவது போல் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன்.

#14 நேர்காணல்மேசை

அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். ஆள் பற்றாக்குறையில் ஒரு குழு திணறும்போது ஒரு நல்ல பெயரைக் கொண்டுவந்து கொடுப்பவர் தன் குழுவுக்கும் உதவி செய்கிறார். பல நிறுவனங்களில் ரெஃபரல் மூலம் ஆள் சேர்ந்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகையே உண்டு. காரணம் இல்லாமல் தருவார்களா? 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, அழைப்பு மையம், லாரிப் போக்குவரத்து, உயர் தொழில்நுட்பம் ஆகிய மூன்று துறைகளில் ஒன்பது பெரிய நிறுவனங்களின் தரவைப் பார்த்தது. பரிந்துரையில் வந்தவர்கள் மற்றவர்களை விடக் குறைவாகவே வேலையை விட்டுப் போயிருந்தார்கள். நிறுவனத்துக்கு அது பெரிய மிச்சம்.

நீங்கள் கேட்பதும் சலுகை இல்லை. "உங்கள் வேலை எப்படி இருக்கும், புதியவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்" என்று ஒருவரிடம் கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாகப் பேசுவார்கள். தன் வேலையைப் பற்றிக் கேட்க ஆள் கிடைப்பதே அபூர்வம். முதலில் உங்கள் கல்லூரியிலேயே படித்து ஓரிரு வருடம் முன்னால் வேலைக்குப் போன சீனியரிடம் தொடங்குங்கள். இதே தவிப்பில் இருந்தது அவருக்கு நினைவில் இருக்கும்.

#15 நிரல்வீடு

பேசத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைக்கப் பழகுங்கள். யார், எப்படித் தெரியும், என்ன சொன்னார், அடுத்து என்று தொடர்பு கொள்ள வேண்டும். பத்துப் பேரைத் தாண்டினால் நினைவு கைகொடுக்காது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அப்புறம் விட்டுவிடலாம்.

ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் "இது பற்றி வேறு யாரிடம் பேசினால் நல்லது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவது இந்தக் கேள்வியால்தான். அவர் சொன்னபடி செய்தால் என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே செய்பவர்கள் நினைவில் நிற்கிறார்கள்.

#16 அளவுகோல்

இதைச் சொல்லாமல் போகக் கூடாது. வேலைத் தகவல் தேடி வலைவிரிக்கும்போது மோசடிக்காரர்களும் வருவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையும் ஆளெடுப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் அது மோசடிதான்.

முகம் காட்டாமல் அரட்டைச் செயலியிலேயே நேர்காணலை முடித்து வேலை உறுதி என்பது, "கணினி வாங்க காசோலை அனுப்புகிறோம், மீதியைத் திருப்பி அனுப்பு" என்பது, வேலை உறுதியாகும் முன்பே வங்கி விவரம் கேட்பது, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, எல்லாமே ஆபத்து. காசோலை சில நாள் கழித்துத் திரும்பும்போது நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணமாக இருக்கும். சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே எடுத்து அழைத்துக் கேளுங்கள். அவர்கள் தரும் எண்ணை நம்ப வேண்டாம். காத்திருந்து களைத்துப்போனவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள், அதுதான் கொடுமை.

#17 வெளிச்சுற்று

தாமதமாக வருகிறேன். எனக்குப் பட்டம் வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் சொல்லும் ஆட்கள் எல்லாம் எனக்கும் இருந்தார்கள், இப்போது தொடர்பே இல்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு வேலை என்றதும் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்?

#18 சமூகவியல்_மாணவி

நீங்கள் நினைப்பதை விட நன்றாகவே எடுத்துக்கொள்வார்கள். பழகி விட்டுப்போன உறவுகளைப் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. வருடக்கணக்கில் பேசாமல் இருந்த பழைய சகாக்களிடம் தங்கள் வேலை சம்பந்தமாக ஆலோசனை கேட்கும்படி மேலாளர்களிடம் சொன்னார்கள். அப்படிக் கிடைத்த ஆலோசனை, இப்போதும் தொடர்பில் இருப்பவர்கள் தந்ததை விடக் குறைவாக இல்லை, புதுமையில் கூடுதலாகவே இருந்தது. இத்தனை நாளில் அவர்கள் வேறு இடங்களுக்குப் போயிருப்பார்கள், அதே சமயம் பழைய நம்பிக்கை போயிருக்காது. காரணம் தேடி மழுப்பாமல் நேராகவே எழுதுங்கள்: "ரொம்ப நாள் ஆயிற்று. இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் துறை பற்றிச் சிலது கேட்கலாமா?" போதும். கல்லூரி வேலைவாய்ப்பு மையத்திலும் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் முன்னாள் மாணவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

#19 கரைதேடி

பதில் வந்துவிட்டது! "உன்னை நினைவிருக்கிறது, நாளை மாலை கூப்பிடு" என்று இரண்டே வரி. அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நாளை அழைக்கும்போது என்ன கேட்பது, எதைக் கேட்கக் கூடாது?

#20 ஆய்வகவாசி

ரொம்பச் சந்தோஷம் தம்பி. அழைப்பதற்கு முன் நான் சொன்ன அங்கீகாரப் பட்டியலில் இருந்து நான்கைந்து ஆய்வகங்களின் ஸ்கோப்பைப் படித்துவிடுங்கள். "இவற்றைப் பார்த்தேன், எனக்கு இந்த இரண்டும் பொருத்தமாகப் படுகின்றன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று தொடங்கினால் அவருக்கும் பேசப் பிடி கிடைக்கும். புதியவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். அளவுதிருத்தப் பதிவேடு எழுதுவது, தவறான முடிவு வந்தால் விசாரிப்பது போல ஏதாவது சொல்வார். குறித்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் அதுதான் வரும். சம்பளம் பற்றியும், எனக்காகப் பேசுங்கள் என்றும் இந்த அழைப்பில் கேட்க வேண்டாம். எந்த ஆய்வகத்தையும் அவர் குறை சொன்னால் அதை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

பத்து நிமிடம் என்று சொன்னால் பத்தாவது நிமிடம் நீங்களே "நேரம் ஆகிவிட்டது சார்" என்று சொல்லுங்கள், தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் ஒரு பெயரைச் சொன்னால், "உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எழுதலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டே போனை வையுங்கள்.